கோழிக்குப் போன அரிசி

ஒரானி,
மார்ச் 4, 1950

மருமகள் இலுமினாடாவுக்கு,

நான் உன்னைப் பட்டினி போட்டதால்தான் குழந்தை பெனீத்தோ செத்தான் என்று சந்தையில் பேசுகிறார்களாம். அது பொய். மூன்று வேளையும் உனக்கு வெள்ளைச் சோறு போட்டேன். சிறுவயதில் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் கற்றுத்தந்தபடி, தினமும் அரிசியை முறத்தில் பரப்பி, கடையில் கலந்திருந்த மங்கிய மணிகளை ஒன்று விடாமல் பொறுக்கினேன். தண்ணீர் தெளியும்வரை நான்கு முறை கழுவினேன்.

உனக்கு மறுபடி ஏழு மாதமாமே. உன் அம்மா வீட்டுக்கு, நானே பொறுக்கிய அரிசி ஒரு மூட்டை அனுப்புகிறேன்.

உன் மாமியார்,
பெர்பெத்துவா

பலாங்கா,
மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

மூட்டை வந்தது. சமைக்கவில்லை. நர்ஸம்மா பிரித்துப் பார்த்து, "இதுல சத்தரிசி ஒண்ணுகூட இல்லையே, எந்தப் புண்ணியவதி பொறுக்குனது?" என்றார். சொன்னேன்.

"சர்க்கார் வைட்டமின் ஏத்திக் கலக்கச் சொன்னது அந்த மங்கல் மணியைத்தானே! அதைப் பொறுக்கி எறியாதீங்கன்னு கடைக்குக் கடை தமுக்கடிச்சோமே! வெறும் வெள்ளைச் சோறு தின்னா தாய்ப்பால்ல சத்து இருக்காது. பிள்ளைக்கு மொதல்ல குரல் போகும், அப்புறம் நெஞ்சு நின்னுடும்."

பெனீத்தோ வாயைத் திறந்து அழுவான், சத்தம் வராது. "என் பேரன் எவ்வளவு அடக்கம்" என்றீர்கள்.

நீங்கள் என்னைப் பட்டினி போடவில்லை. யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பிரசவத்துக்கு அங்கே வரமாட்டேன்.

இலுமினாடா

ஒரானி,
ஜூன் 10

மகளே,

அந்தத் தமுக்கை நானும் கேட்டேன். மட்ட அரிசியை விற்கக் கடைக்காரன் செய்யும் தந்திரம் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பொறுக்கியதை வீணாக்காமல் கோழிகளுக்குப் போட்டேன். நேற்று பக்கத்து வீட்டுத் தொரிபியா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஒங்க சேவல் கோயில் மணியையே தோக்கடிச்சிரும் போல, என்னதான் போடுறீங்க?" என்றாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது கூவும்போதெல்லாம் பெனீத்தோவின் திறந்த வாய்தான் தெரிகிறது. அறுக்கவும் கை வரவில்லை.

பெண் பிறந்திருப்பதாக உன் கணவன் வந்து சொன்னான். "எப்படிடா அழுறா?" என்று கேட்டேன். "கொழந்தை மாதிரிதாம்மா அழுறா" என்று சிரித்தான். பெனீத்தோவைப் பற்றியும் இப்படித்தான் சொன்னான்.

நீ கூப்பிடாமல் நான் வரமாட்டேன். அழும்போது அவளுக்குச் சத்தம் வருகிறதா? அவனிடம் சொல்லி அனுப்பாதே. உன் கையால் எழுது.

பெர்பெத்துவா