சொல்லாமல் விட்டது

மார்ச் 3
அத்தான் இன்று கம்பெனி இயக்குநர்களிடம் என் பாக்டீரியாவைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட்டார். எருக்குழியிலிருந்து மூன்று வருடம் போராடி நான் பிரித்தெடுத்தது. ஐம்பத்திரண்டு டிகிரிச் சூட்டிலும் சர்க்கரைக் கரைசலை லாக்டிக் அமிலமாக்கும்; அந்தச் சூட்டில் வேறு கிருமி தலைகாட்டாது. அக்கா புருஷன், ஆய்வகத் தலைவர் - அதனால் நான் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டுமா?

மார்ச் 4
கேட்டேவிட்டேன். "குடும்பத்துக்குள்ள யார் பேரு இருந்தா என்னம்மா?" என்றார், சிரித்துக்கொண்டே.

மார்ச் 8
அக்காவும், "அவருதானே உனக்கு வேலை வாங்கிக் குடுத்தாரு, விட்டுடேன்டி" என்கிறாள். விடமாட்டேன்.

மார்ச் 17
அத்தான் அதைப் பெரிய தொட்டியில் செய்யப் போகிறாராம். என் குறிப்பேட்டை எடுத்துப் போய்விட்டார். போகட்டும். அதில் இருப்பது குடுவைக் கணக்கு. அமிலம் ஏற ஏறச் சுண்ணாம்புத்தூள் போட்டுத் தணிக்காவிட்டால் பாக்டீரியா செத்துவிடும். குடுவைக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். தொட்டியில் மொத்தமாகப் போட்டால் தூள் அடியில் தங்கிவிடும். மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். போன மாதம்தான் கண்டுபிடித்தேன். எழுதவில்லை.
நான் எதுவும் செய்யப்போவதில்லை. சும்மா இருக்கப்போகிறேன்.

மார்ச் 24
தொட்டி ஓடுகிறது. ஆபரேட்டர் அண்ணன் வந்து, "தூள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதுமாம்மா?" என்றார். நாக்கு நுனிவரை வந்தது. "சாரைக் கேளுங்கண்ணே" என்றேன்.

மார்ச் 25
எட்டாயிரம் லிட்டரும் போச்சு. ஏன் என்று இயக்குநர்கள் கேட்டபோது அத்தானுக்குச் சொல்லத் தெரியவில்லை. வயிறு குளிர்ந்தது.

மார்ச் 27
பாவி. ஆபரேட்டர் தூள் போட மறந்துவிட்டார் என்று அத்தான் பழிபோட்டுவிட்டார்! அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். இயக்குநர்கள் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தே சொல்லாமல் இருந்ததையும். பிறகு அத்தானிடம் பாக்டீரியாவைப் பற்றி நாலு கேள்வி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் என் குறிப்பேட்டைப் புரட்டினார். அண்ணனுக்காகவா பேசினேன், அத்தானைச் சாய்க்கவா? இரண்டுக்கும்தான்.

ஏப்ரல் 2
அத்தான் வேலையை விட்டுவிட்டார். அக்கா போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 20
இன்று பெரிய தொட்டி, என் பொறுப்பில். செய்முறையை ஆபரேட்டர் அண்ணனுக்கு வரிவரியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.
"இதுல சொல்லாம விட்டது ஏதாவது இருக்காம்மா?"
"இல்லண்ணே."
"சரி. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார்.