போடாமல் வைத்திருந்த ஆறாவது கடிதம்

நேற்று பரணிலிருந்து என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்ததிலிருந்து வீட்டில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எதையாவது இறக்கி, எதையாவது ஏற்றி வைத்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு அடியில் நீல நிற இன்லண்ட் கடிதங்கள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. முகர்ந்து பார்த்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்த விடுதி அறையின் உப்புப் புழுக்கம் அப்படியே இருந்தது. ஓரத்தில் பென்சிலால் நீ போட்ட எண்கள்: ஐந்து, ஆறு.

தொண்ணூறுகளின் நடுவில் கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடல் உயிரியல் படிக்கப் போன கோயமுத்தூர்க்காரர்கள் நாம் இரண்டே பேர். நான் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். நீ போத்தனூர் ரயில்வே காலனி. இருவருமே பதினெட்டு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் "ஏனுங்க" என்று வந்ததால், விடுதியில் நமக்குப் பெயரே "ஏனுங்க சகோதரர்கள்". நான் போன நாள் முதல் புலம்பினேன். தண்ணீர் உப்பு, துணி காயாது, ரெக்கார்டு நோட்டு பூசணம் பிடிக்கிறது, மெஸ்ஸில் ரசத்தில்கூட மீன் வாடை. சிறுவாணித் தண்ணீரின் பெருமையை நான் ஆரம்பித்தால் மொத்த வராந்தாவும் எழுந்து போய்விடும். நீ மட்டும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நீ அறையிலேயே இருந்ததில்லை, குறை சொல்ல.

சவுக்குத் தோப்பைத் தாண்டி நடந்தால் மீன்பிடித் துறை. நீ அங்கேதான் கிடப்பாய். ஆய்வகத்தில் பார்மலின் புட்டிகளுக்கு முன்னால் அரைமணி உட்கார்ந்தால் உன் கால் ஆட ஆரம்பிக்கும், மேசையே ஆடும். ஒருநாள் புட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "செத்த மீனுக்குப் பேரு வெச்சு எத்தன நாளைக்குடா மார்க்கு வாங்கறது? உசுரோட இருக்கறதப் பாக்கப் போகோணும்."

கடைசிப் பருவத்தில் வகுப்புகள் இல்லை, ஆய்வறிக்கை மட்டும்தான். அப்போதுதான் ஒரு படகுக்காரர் உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். வடக்கே ஆந்திரக் கரைவரை போய்த் துறை துறையாகத் தங்கித் திரும்ப ஆறு வாரம். உன் அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். ரயில்வே பணிமனையில் கரி பூசிய கையோடு நின்று, மகன் பெரிய படிப்புப் படிக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர். வாரம் ஒரு கடிதம் வராவிட்டால் அவரே ரயிலேறி வந்துவிடுவார்.

அதற்கு நீ கண்டுபிடித்த வழி எனக்கு அப்போது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. ஒரே மதியத்தில் உட்கார்ந்து ஆறு வாரத்துக்கு ஆறு கடிதம் எழுதினாய். ஒவ்வொன்றிலும் அந்தந்தச் சனிக்கிழமையின் தேதி. ஒட்டி, எண் போட்டு, என் கையில் கொடுத்தாய்.

"சனிக்கெழம சனிக்கெழம ஒண்ணு. மாத்திப் போட்டுறாதடா. ஆறாவது மட்டும் பத்தரம், மறக்காமப் போட்டுறு."

"நான் என்ன அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடா? பொய்யெல்லாம் சுத்தமாச் செஞ்சுபோடுவேன், போ" என்றேன். நீ சிரித்துக்கொண்டே போனாய்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டேன். நான்காவது சனிக்கிழமை காலையில் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் விடுதிக் காப்பாளர் கூப்பிட்டு உன் பெயருக்கு வந்த தந்தியைக் கையில் கொடுத்தார். அப்பா கவலைக்கிடம், உடனே வரவும்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். உன்னிடம் ஒருநாளும் முழுதாகச் சொல்லவில்லை. அன்றைக்கே நான் ரயிலேறியிருக்கலாம். செய்யவில்லை. துறைக்கு ஓடினேன். "படகு இப்ப எங்க நிக்குதுன்னு யாரு கண்டா தம்பி, காத்தப் பாத்துத்தான் வரும்" என்றார்கள். அப்புறம் தபால் பெட்டிக்கு ஓடினேன். நீ விடுதியிலேயே இருப்பதாகச் சொல்லும் அந்தக் கடிதம் போத்தனூர் போய்ச் சேர்ந்தால் நாம் மாட்டிக்கொள்வோம் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்க மாட்டார்கள். திங்கள் காலையில் சாக்குப் பையோடு வந்த தபால்காரரிடம் கெஞ்சினேன். "போட்டது போட்டதுதான். இனி அது மேல எழுதியிருக்கற ஆளோடது" என்று பையைக் கட்டிவிட்டார். உன் அப்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது நான் ஒரு சிவப்புப் பெட்டிக்குக் காவல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை போத்தனூர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தானாம். உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம்பையன் எங்கீங் கண்ணு?"

"ஆராய்ச்சிக்குக் கப்பல்ல அனுப்பியிருக்காங்கம்மா. நடுக்கடல்ல இருக்கறான். தகவல் சொல்ல முடியலீங்க."

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாயில் வந்தது. மறுநாள் காலை கடிதம் வந்தது. உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதை நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "நீங்களே படிங் கண்ணு."

பிரித்தேன். 'இன்று காலை தலைக்குக் குளித்தேன், மெஸ்ஸில் பொங்கல், சாயங்காலம் நூலகம் போகிறேன்' என்று நீ எழுதியிருந்தாய். வழியில் ஒரு துறையில் நின்றபோது போட்டிருக்கிறான் என்று சொல்லி, நான் வேறு ஒன்றைப் படித்தேன். பெரிய கப்பல், முப்பது பேர், எனக்கென்று தனிக் கட்டில், இங்கே கடல் நீலமாக இல்லை, கறுப்பாக இருக்கிறது. காகிதத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில் இருந்த ஒரு வரியை மட்டும் மாற்ற முடியவில்லை. 'அப்பா இருமல் மருந்தை விடாமல் குடிக்கிறாரா?' அதைப் படித்ததும் உன் அம்மா தரையில் சரிந்துவிட்டார். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

பத்து நாள் கழித்து நீ வந்து இறங்கினாய். கறுத்து, இளைத்து, கையில் அப்பாவுக்கென்று ஒரு சங்கு. துறையில் வைத்தே சொன்னேன். நீ அழவில்லை. "ஊட்ல என்னன்னு சொன்னே?" என்று மட்டும் கேட்டாய். சொன்னேன். வெகுநேரம் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "சரி. இனி அதுதான்" என்றாய்.

பட்டத்தை நீ முடிக்கவில்லை. அப்பாவின் வேலையை வாரிசுக்குத் தந்தார்கள், வாங்கிக்கொண்டாய். அம்மாவை விட்டுவிட்டு எங்கே போவது? எப்போதாவது ஆர்.எஸ்.புரத்தில் சந்திப்போம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். உன் கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. உன் அம்மா ஊரெல்லாம் "கப்பல்ல ஆராய்ச்சிக்குப் போனவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருதரம் நீ சொன்னாய்: "நீ படிச்ச கடுதாசிக்குள்ளதாண்டா நான் குடியிருக்கறேன். வெளிய வர வழி தெரியல." நான் பேச்சை மாற்றினேன். அதற்காக என்னை மன்னித்துவிடு.

உன் பதினாறாம் நாளன்று அம்மா, இத்தனை வருஷம் பத்திரப்படுத்தியிருந்த அந்த நான்காவது கடிதத்தை ஒரு பொட்டலத்திலிருந்து எடுத்து, "இன்னொருக்காப் படிங் கண்ணு" என்றார். எனக்கு வார்த்தை மறந்துபோயிருந்தது. தடுமாறியபோது அவரே எடுத்துக்கொடுத்தார். "தனிக் கட்டிலுக்கு அப்பறம், கடல் கறுப்பா இருக்குதுன்னு வருமுங்."

நேற்று ஆறாவதைப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாதோ என்னவோ.

'அப்பா, இதற்கு முன் வந்த ஐந்தும் ஒரே நாளில் எழுதியவை. நான் விடுதியில் இல்லை, படகில் இருந்தேன். படிப்பில் எனக்கு மனசில்லை. இது கிடைத்த மறுநாள் வீட்டுக்கு வருகிறேன். அடிப்பதென்றால் அடியுங்கள். அடித்து முடித்த பிறகு உங்களையும் அம்மாவையும் கூட்டிவந்து கடலைக் காட்டுகிறேன்.'

பத்தரம் என்று நீ சொன்னது இதைத்தான். ஐந்து பொய்க்குப் பின்னால் ஓர் உண்மையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் அதன்மேல் என் கப்பலை ஏற்றிவிட்டேன்.

இன்று காலை உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். கடல் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டேன்.

"அவன் ஒருநாளும் கூப்புட்டதில்லீங்களே கண்ணு."

"கூப்புட்டானுங்கம்மா. அந்தக் கடுதாசிய நான் போடாம வெச்சுட்டேன்."

"எடுத்துட்டு வாங் கண்ணு. நீங்க படிக்க வேண்டாம். எதுர் ஊட்டு அம்மிணி படிக்கட்டும். அந்த நாலாவதையும் அதுதான் எனக்குச் சரியாப் படிச்சுக் காட்டுச்சு."

"எப்பங்கம்மா?"

"அதாச்சு, அவஞ் சங்கக் கொண்டாந்த மாசமே. நான் கேக்கலீங். அவனாச் சொல்லட்டும்னு இருந்தேன். நான் கேட்டா வருத்தப்படுவான்னு இருந்துபோட்டேன்."

இத்தனை வருஷம் நீ அடைபட்டுக் கிடந்த வீட்டுக்குப் பூட்டே இல்லையடா. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போத்தனூர் போகிறேன். ஆறாவது என் சட்டைப் பையில் இருக்கிறது.