இணைப்பைக் கழற்றி வைத்த கிழமை

ஜூன் 13, சனி

வெயில். மேல் அறை கூட்டித் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்பு. ஜன்னல் கொக்கி இன்னும் பழுது. போன வருடமே பார்க்கிறேன் என்றவர் இவர்.

வாங்க: முட்டை இரண்டு டசின், வாழைப்பழம் (பழுக்காதது), உருளைக்கிழங்கு, அபிக்குக் கறுப்புப் பேனை நாலு.

ரொதிகா மூன்று மணிக்கு வந்தாள். ஒரு சூட்கேஸ், ஆறு ரக்கெட். ஐந்தாவது வருடம். டோர்ட்முண்டில் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரியின் கிளப்புக்கு இவள் கோடையில் ரெனிஸ் ஆடுகிறவள். அவள் சொல்லித்தான் முதல் முறை வந்தது. ருமேனியாக்காரிக்கும் யாழ்ப்பாணத்துக்காரிக்கும் நோர்பரியில் பொதுமொழி ஜெர்மன். இரண்டு பேருக்கும் அரைகுறை, அதனால் சண்டை வராது. இவர் அவளை "ராதிகா" என்றுதான் கூப்பிடுவார். திருத்திக் களைத்துவிட்டேன்.

வயது இருபத்தொன்பது. விம்பிள்டனுக்கு உள்ளே போக முதலில் வேறு மைதானத்தில் மூன்று ஆட்டம் வெல்லவேண்டும். மூன்று தடவை மூன்றாவது ஆட்டம்வரை வந்து தோற்றிருக்கிறாள். "இதுதான் கடைசி" என்றாள். போன வருடமும் சொன்னதுதான், ஆனால் அப்போது சிரித்தாள்.

தாய் ஆஸ்பத்திரியில். நுரையீரல். "போய் ஆடு, இங்கே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே" என்று தாயே துரத்தினாராம்.

யுத்தம் முடிந்து ஒரு மாதம். ஊரில் தங்கச்சி சுகியின் நம்பர் இன்றும் அடித்தேன். அதே பெண்குரல், மூன்று மொழியில், பாவனையில் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

மப்பு. பிறகு வெயில்.

பச்சைச் சேலையில் கறி எண்ணெய் போகவில்லை. போன ஞாயிறு இரவு ஹரோவில் பிறந்தநாள் பார்ட்டியில் பட்டது. எலுமிச்சை போட்டும் பார்த்தாயிற்று.

இவர் சதுக்கத்துக்குப் போகவில்லை. சித்திரையில் இருந்து ஒரு ஞாயிறு விடாமல் ஃபிளாஸ்க்கும் கொடியுமாக, யுத்தத்தை நிறுத்தக் கேட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றவர். "முழங்கால்" என்கிறார். மச்சமும் நிறுத்திவிட்டார், பத்து நாள். ஆடு, கோழி, மீன், முட்டைகூட இல்லை. "கொலஸ்ட்ரோல்." இருபது வருடம் நான் கத்தியும் கேட்காத மனிதர்.

ரொதிகா குசினிக் கதிரையில் இருந்து முழங்காலுக்குப் பிளாஸ்ரர் சுற்றினாள். ஆறு வயதில் தானியக் களஞ்சியத்தின் சுவரில் அடித்துப் பழகினாளாம். டானூப் ஆற்றங்கரை ஊர். தாய் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ரீச்சர். ரோமம் போன பந்துகளைக் கிளப்பில் வாங்கி வந்து, வேலை முடிந்து தினம் இருநூறு பந்து எறிவாராம். பதினான்கு வயதில் பஸ்ஸில் வெளிநாடு, ரின்னில் அடைத்த மீன், ஒரு கட்டிலில் மூன்று பெண்கள். "பதினைந்து வருடம் உலகம் சுற்றினேன். பார்த்தது எல்லாம் வேலிதான்" என்றாள்.

அபிக்கு வெள்ளியோடு பள்ளிக்கூடச் சோதனை முடிகிறது. முடிந்த கையோடு சுகியின் மகள் மதுவுக்குச் சப்பாத்து வாங்கப் போகிறாளாம். முகாமுக்குப் பார்சல் அனுப்பத் தமிழ்க் கடையில் சேர்க்கிறார்கள். எந்த முகாம் என்று தெரியாமல் எப்படி அனுப்புவது என்றேன். "தெரியவரேக்க ரெடியா இருக்கோணும், அம்மா." நாலு வயதுப் பிள்ளை. போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

முகாம் லிஸ்டிலும் செத்தவர் லிஸ்டிலும் இன்றும் சுகி, அவள் புருஷன், மது, மூன்று பேரின் பெயரும் இல்லை. இல்லாததும் ஒரு நல்லதுதான். இப்படியும் நினைக்கிறேன்.

ஜூன் 15, திங்கள்

இடி, மழை. நான் வேலை செய்யும் பள்ளிக்கூடக் குசினியில் குழாய் அடைப்பு, இரண்டு மணிக்குமேல்தான் விட்டார்கள்.

இவர் கேட்காமலே பலாப்பழம் வாங்கி வந்தார். சுளை எடுத்து, கொட்டை நீக்கி, கோப்பையில் வைத்துத் தந்தார். என்ன விசேஷம் என்றேன். "சும்மா." போன் வந்தது. கார் வரைக்கும் போய்க் கதைத்தார், மழையில்.

ஜூன் 16, செவ்வாய்

எழுத்து கோணல்.

எட்டரைக்கு வீட்டுப் போன். ரொதிகாவை ஏற்றிக்கொண்டு இவர் அப்போதுதான் போனார். ரொதிகாவின் தம்பி மிஹாய். அவனும் ஜெர்மன் கதைப்பான். தாய் விடியற்காலை போய்விட்டார்.

"அவளுக்குச் சொல்லாதீர்கள். ஆடி முடியட்டும். அம்மாவின் சொல்."

ஓம் என்றேன். வீட்டு இன்டர்நெட்டை நிறுத்திவிடச் சொன்னான், ஊரில் யாராவது எழுதிவிடுவார்களாம். அவளுடைய போன் பழசு, அதில் பயமில்லை. படிக்கு அடியில் குந்தி, பெட்டியின் வயரைக் கழற்றினேன். பச்சை விளக்குகள் அணைந்தன.

குந்தியபடியே இருந்தேன். எனக்கும் செய்தார்கள் இதை. டோர்ட்முண்டில் அபி வயிற்றில். ஊரில் அப்பா செத்து நாற்பது நாள் எனக்குத் தெரியாது. பிள்ளை பிறக்கட்டும் என்று அண்ணை சொல்லி, இவரும் சேர்ந்து மறைத்தார். அந்த நாற்பது நாளுக்குள் நான் அப்பாவுக்கு நீலச் சேர்ட் வாங்கினேன், கழுத்து பதினாறரை. கடைக்காரியோடு சிரித்துச் சிரித்து. இன்னும் அலுமாரியில் இருக்கிறது, ஊசிகூடக் கழற்றவில்லை. அண்ணையோடு அதன்பிறகு மனம்விட்டுக் கதைத்ததில்லை. இவரோடு ஒரு வருடம் சண்டை.

இவருக்கு இன்டர்நெட் பழுது என்று மட்டும் சொன்னேன். ஒரு சொல் கேட்கவில்லை. "நல்லது, கண்ணுக்கு ஓய்வு" என்றார். விடியக் கண் திறந்தால் லிஸ்டு, செய்தி, படம் என்று இருக்கிற மனிதர்.

வென்றுவிட்டாள். 6-4, 6-4. ஐந்து மணிக்குத் துள்ளிக்கொண்டு வந்தாள், புல் வாசம். என் போனில் தம்பிக்கு எடுத்தாள். அம்மாவால் கதைக்க முடியாது, மூச்சுக்கு முகமூடி போட்டிருக்கிறது என்று மிஹாய் சொல்லியிருக்கிறான். "அப்படியென்றால் போனை அம்மாவின் காதில் பிடி" என்றாளாம்.

ஐந்து நிமிடம் கதைத்தாள். கையால் சேர்விஸ் போட்டுக் காட்டி, சிரித்து. எனக்கு விளங்கிய ஒரே சொல் மாமா, அவர்கள் மொழியில் அம்மா. நான் வெங்காயம் உரித்தேன், தேவைக்குமேல் ஐந்து வெங்காயம்.

ஜூன் 17, புதன்

மப்பு, காற்று. வேலைக்கு உடம்பு வருத்தம் என்று சொல்லி நின்றுவிட்டேன்.

மறைக்கிறவருக்கு வரும் குணங்கள் (என்னில் கண்டது):
கண்ணைப் பார்ப்பதில்லை.
கேட்காத சாப்பாடு. நேற்றிரவு முட்டை நாலு அவித்தேன், அவள் இரண்டுதான் தின்பாள்.
போனை வெளியே கொண்டுபோவது.
இன்டர்நெட் இல்லாததில் நிம்மதி.
எல்லாவற்றுக்கும் "சும்மா".

திருப்பி வாசித்தேன். பலாப்பழம். கார். மச்சம்.

மச்சம்.

இதை எழுதக்கூடாது. வேறு வேலை பார்க்கப் போகிறேன்.

பன்னிரண்டரை. மிஹாய் மீண்டும். நாளை இரண்டு மணிக்கு அடக்கமாம், அவர்களுக்கு மூன்றாம் நாள். இன்று வென்றால் மூன்றாவது ஆட்டமும் நாளை, மதியம். "வென்றால் திங்கட்கிழமை விம்பிள்டனில் ஆடுவாள். அதற்குப் பிறகு சொல்லலாம்." அப்போது முகம் பார்க்க முடியாதே என்றேன். "அம்மா பந்து எறிந்தது இதற்குத்தானே" என்று அழுதான். நேற்று போனை யார் காதில் பிடித்தாய் என்று கேட்டேன். தன் காதில் பிடித்தானாம்.

மைதானத்தில் இருந்து ரொதிகாவின் மெசேஜ்: இரண்டாவதும் வென்றுவிட்டேன், மூன்று செற்.

தோற்றிருக்கலாம் என்று நினைத்தேன். எழுதி வைக்கிறேன், நினைத்தேன். தோற்றிருந்தால் இது என் கையில் இருந்திருக்காது.

ஐந்தரை. சொல்லிவிட்டேன்.

கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். முள்ளுக்கரண்டியை வைக்கச் சொன்னேன். அம்மா நேற்று விடியப் போய்விட்டார், நாளை இரண்டு மணிக்கு அடக்கம், தம்பி சொல்லவேண்டாம் என்றான், உன் அம்மாவின் ஆசையும் அதுதான். எல்லாம் ஒரே மூச்சில். என் ஜெர்மன் உடைந்தது.

படிக்கு அடியில் பார்த்தாள். "அது பழுதில்லை."

"இல்லை. நான் கழற்றினேன்."

"அப்படியென்றால் நேற்று நான் யாரோடு கதைத்தேன்?"

மிஹாயின் காது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவின் சேர்ட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டாளோ தெரியாது. கத்தரிக்கோல் எடுத்து முழங்கால் பிளாஸ்ரரை வெட்டினாள், மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. தோலெல்லாம் சிவப்பு. உன்னை இப்போது பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு மேலே போனாள். பத்து நிமிடத்தில் படியில் நின்று கேட்டாள்: "காலையில் முதல் விமானம் எத்தனை மணிக்கு?"

மைதானத்துக்கு அவளே போன் பண்ணி, நாளை வரமாட்டேன் என்றாள். பதினைந்து வருடம், ஒரு நிமிடத்துக்குள் முடிந்த போன். நான் செய்தது சரியா என்று தெரியாது. சேர்ட்டுக்குப் பழிவாங்கினேனோ என்றும் யோசனை.

ஜூன் 18, வியாழன்

நாலரைக்கே விடிந்துவிட்டது. கட்விக். ஒரு பையும் தோளில் ஒரு ரக்கெட்டும். மற்ற ஐந்தும் மேல் அறையில். "அம்மாவிடம் காட்டவேண்டும்" என்றாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. இவருக்குக் கை கொடுத்தாள். அவர் "ராதிகா, பத்திரம்" என்று தமிழில் சொன்னார்.

திரும்பி வரும்போது கேட்டேன்.

"எப்ப தெரியும்?"

இவர் கை ரேடியோவைக் குறைக்கப் போனது. ரேடியோ ஓடவில்லை.

"என்னப்பா?"

"சுகியைப் பற்றி. எப்ப தெரியும் உங்களுக்கு?"

பேர்லி பெற்றோல் ஷெட்டில் ஒதுக்கி நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கதைத்தார்.

"ரெண்டு கிழமையாச்சு. வவுனியாவில இருந்து மச்சான் போன் எடுத்தவர். முகாமில இருக்கிற ஒரு மனுசி சொன்னவவாம். சுகியாக்களுக்குப் பக்கத்து பங்கரில இருந்தவ."

"மூண்டு பேருமோ?"

"ஓம்."

"மதுவும்?"

"ஓமப்பா."

பெற்றோல் அடிக்க வந்தவன் ஹோர்ன் அடித்தான். வழிவிட்டு முன்னுக்கு எடுத்து, மறுபடி நிறுத்தினார்.

"அபியின்ர சோதனை முடியட்டும் எண்டு பாத்தன். உமக்குச் சொன்னால் அவள் உம்மட முகத்தில கண்டுபிடிச்சிடுவாள். நீர் என்னைப் பேசும், அடியும், என்னெண்டாலும் செய்யும்."

கொலஸ்ட்ரோலோ என்று மட்டும் கேட்டேன். அப்போதுதான் அழுதார். முறைப்படி இந்தச் சாவுக்கு மச்சம் விலக்கித் துடக்குக் காக்கவேண்டியவர் அவரில்லை. எனக்குரியதை, எனக்குத் தெரியாமல், எனக்குப் பதிலாகப் பிடித்திருக்கிறார். நான் ஹரோவில் பச்சைச் சேலையோடு ஆட்டிறைச்சி தின்று பாட்டும் பாடினேன். இவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் வருகிறது, வந்து நிற்க இடமில்லாமல் போகிறது.

வீட்டுக்கு வரும்வரை சுகியின் முகம் சரியாக வரவில்லை. சிறுபிள்ளை முகம்தான் வந்தது, மூக்கொழுகிக்கொண்டு. அந்த மூன்று மொழிப் பெண்ணின் குரலும். ஒவ்வொரு நாளும் நான் கதைத்தது அவளோடு.

பின்னேரம். அபி படித்துக் களைத்துப்போய் கோழி பொரித்துத் தரச் சொன்னாள். பொரித்தேன். துடக்கு வீட்டில் கோழி. முகம் கழுவி, பொட்டு வைத்து, பொரித்தேன்.

"அம்மா, நீங்க சாப்பிடேல்லையா?"

"கொலஸ்ட்ரோல்."

"ரெண்டு பேருக்குமா? நீங்க ரெண்டு பேரும் சோ ஸ்வீட்."

இவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார்.

ஜூன் 19, வெள்ளி

வெயில். நல்ல வெயில்.

அபி கடைசிச் சோதனைக்கு எட்டு மணிக்குப் போனாள். நெற்றியில் திருநீறு மூன்று தரம் பூசினேன். "எனக்கில்லாத பயம் உங்களுக்கேன்?" என்றாள்.

பத்துக்கு ரொதிகாவின் மெசேஜ். முகம் பார்த்தேன், கை தொட்டேன், குளிராக இருந்தது, ரக்கெட்டைப் பக்கத்தில் வைத்தேன். வேறொன்றும் இல்லை. என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. நேற்று அவளுடைய இடத்தில் வேறு ஒரு பெண் ஆடாமலே உள்ளே போயிருப்பாள்.

இன்றைய வேலை: பச்சைச் சேலை குப்பைக்கு. ஐயருக்குப் போன். அண்ணைக்கும் போன். மேல் அறை விரிப்பு. இன்டர்நெட் வயர், அபிக்குச் சொன்ன பிறகு.

எப்படிச் சொல்வது என்று இவரோடு இருந்து கதைத்தோம். சாப்பிட்ட பிறகு சொல்வோம். கதிரையில் இருத்தி. நான் சொல்வேன், ஒரே மூச்சில். ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. என் பிள்ளைக்கு நாற்பது நாள் வேண்டாம்.

பன்னிரண்டே முக்கால். அபி போன். பின்னால் கடைச் சத்தம், பெண்பிள்ளைகளின் சிரிப்பு.

"அம்மா, முடிஞ்சுது! ஈஸி! நான் இப்ப குரோய்டனில, சப்பாத்துக் கடையில நிக்கிறன். மதுவுக்கு என்ன சைஸ் வரும்?"

வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"எட்டு" என்றேன்.

"சாதாரணமா, இல்லாட்டி நடக்கேக்க லைட் எரியிறதா?"

இவர் எனக்கு முன்னால் நின்று தலையை ஆட்டுகிறார், வேண்டாம், வேண்டாம் என்று.

லைட் எரிகிறதையே வாங்கச் சொன்னேன்.