ஜெபப் பெட்டியில் கிடந்த துண்டு

அன்புள்ள உமக்கு,

மட்டக்களப்புக்குச் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தீர் என்று உம்முடைய அக்கா சொன்னார். அதற்குள் மூன்று கிழமையாகிவிட்டது.

நீர் போன அந்த ஞாயிறு, ஜெபப் பெட்டியில் கிடந்த பெயரில்லாத கடதாசித் துண்டை ஆராதனையில் எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். “ஒரு திங்கட்கிழமையாவது என் கணவர் என்னோடு கடலில் குளிக்க வர ஜெபியுங்கள்.” சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, “இந்தச் சகோதரியின் கணவனுடைய கல்லான இருதயத்தை மாற்றும் ஆண்டவரே” என்று உருக்கமாக ஜெபித்தேன். நீர் முன்வரிசை வாங்கில் தலைகுனிந்து இருந்தீர்.

வாசலில் சபைச் செயலாளர் ஜெயரூபிதான் சொன்னார்: “அது பாஸ்டரம்மாட எழுத்தெண்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளையளுக்கே தெரியும் ஐயா. உங்களுக்குத் தெரியேல்லையோ?”

அப்போதும் நான் வீட்டுக்கு வரவில்லை. சம்பூரில் ஒரு வீட்டு ஜெபம் இருந்தது. பின்னேரம் வந்தபோது அலுமாரியில் உம்முடைய பக்கம் வெறுமையாக இருந்தது.

இப்போதெல்லாம், எனக்கு ஓய்வான அந்தத் திங்கட்கிழமையில் யார் கூப்பிட்டாலும் “இண்டைக்கு ஏலாது” என்று சொல்கிறேன். ஒருவரும் கோபிக்கவில்லை. துடைக்க இரண்டு துவாய் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறேன். குளிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை உமக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒரு துவாய் நனையாமலே வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

அந்தச் சகோதரியின் கணவன்