தஞ்சாவூரில் சோடியாகப் பார்க்க வேண்டியவை

ஹோம்புஷ், சிட்னி
8 செப்ரெம்பர் 1975

அன்பின் இரஞ்சிதத்துக்கு,

நான் சுகம். நீரும் சுகமாக இருப்பீர் என்று நினைக்கிறேன். ஆடியில் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பரவாயில்லை, படிப்பு வேலை இருக்கும். இங்கே குளிர் முடிகிறது. ஹீற்றரை நேற்றுத்தான் தூக்கி அலுமாரிக்குள் வைத்தேன். அலுமாரிக்கு மேலே இடம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் நான் ஒன்றும் வைக்கிறதில்லை.

உம்மிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். பக்கத்துப் பிளாற் லெஸ்ஸும் டொரீனும் தை மாதம் இந்தியாவுக்குப் போகிறார்கள். லெஸ் றெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். படியில் கண்ட இடத்தில் டொரீன் என்னை மறித்து, "உங்கட மனிசி படிக்கிற அந்தச் சங்கீத ஊருக்கு நாங்களும் போகவேணும். சோடியாப் போறவைக்கு அங்கை என்ன பார்க்க இருக்கு எண்டு கேட்டுச் சொல்லுறீங்களோ?" என்றார். நான் ஓம் என்றுவிட்டேன். எனக்கு இல்லை என்று சொல்ல வராது, உமக்குத் தெரியும்தானே.

தஞ்சாவூரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெரிய கோயில் இருக்கிறது, நீர் இருக்கிறீர். அவ்வளவுதான். நேரம் கிடைத்தால் நாலு வரி எழுதும்.

வருகிற வருஷத்துக்கும் இதே பிளாற்றா, இல்லாவிட்டால் தனி ஆளுக்கு ஒரு சின்ன அறை காணுமா என்று வீட்டுக்காரன் கேட்கிறான். சித்திரையில் உம்முடைய சோதனை முடிகிறது. பிறகு என்ன யோசனை? கட்டாயப்படுத்திக் கேட்கவில்லை. சும்மா கேட்கிறேன்.

அன்புடன்,
சச்சி


மேலவீதி, தஞ்சாவூர்
26 செப்ரெம்பர் 1975

திரு. சச்சிதானந்தன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருவையாற்றுக் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். வாசித்த கோபத்தில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

யாருக்கு எழுதச் சொல்கிறீர்கள்? மறந்துவிட்டீர்களா, இல்லாவிட்டால் நான் மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா? எழுபத்திரண்டாம் ஆண்டு குளிர்காலம். நாங்கள் வந்து ஆறு மாதம்கூட இல்லை. பின்னேரத்தில் ஹோலில் இருந்து வயலின் வாசிப்பேன். ஒரு கீர்த்தனையை முடித்து வில்லை மடியில் வைத்தேனோ இல்லையோ, சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மூன்று தட்டு. அடுத்ததைத் தொடங்காதே என்று! ஐந்து நாள் அப்படித் தட்டினார்கள். ஆறாம் நாள் நீங்கள் வேலையால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல், ஒரு கேக் பெட்டியோடு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டீர்கள். திரும்பி வந்து என் வயலின் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றினீர்கள். "வந்த இடத்தில கவனமாய் இருக்கவேணும், இரஞ்சி" என்றீர்கள்.

தட்டினவர்களோடு எனக்கு அவ்வளவு கோபமில்லை. அவர்கள் யாரோ. என்னை ஒரு வார்த்தை கேளாமல் என் பெட்டியைத் தூக்கினது நீங்கள். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சமைக்கவும் கடைக்குப் போகவும்தான் வேலை இருந்தது. அதனால்தான் இங்கே வந்தேன். படிப்பு ஒரு சாட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் வேலை தருவதாக எழுதியிருக்கிறார்கள். பங்குனி முடிவதற்குள் பதில் போட வேண்டும். ஓம் என்று போட்டால் நான் சிட்னிக்கு வரமாட்டேன். வீட்டுக்காரனுக்கு என்ன சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரஞ்சிதம்


ஹோம்புஷ்
9 நவம்பர் 1975

அன்பின் இரஞ்சி,

உம்முடைய கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். நீர் எழுதினதெல்லாம் சரி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வருஷம் இந்தத் தெருவில் நாங்கள் மட்டும்தான் கறுப்பு. வீட்டுக்காரனுக்கு ஒரு வார்த்தை போனால் எங்கே போய் நிற்போம் என்று எனக்குப் பயம். நல்ல பயம். மனிசியிடம் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கவனம் என்று சொன்னேன்.

இங்கே ஜக்கறண்டா பூத்துவிட்டது. ஸ்ரேஷனில் இருந்து வீடுவரை தெரு முழுக்க ஊதாப் பூ. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மிதித்துக்கொண்டு போகிறார்கள், நான் ஓரத்தால் நடக்கிறேன். நீர் இருந்த வருஷத்தில் இதைப் பார்த்து, இது என்ன மரம் என்று கேட்டீர். நான் தெரியாது என்றேன். பிறகு பேர் கேட்டு அறிந்து வைத்தேன். சொல்ல நீர் இல்லை.

டொரீன் இன்னொரு தரம் கேட்டுவிட்டார். உமக்கு மனமில்லை என்றால் வேண்டாம். நூலகத்தில் ஏதாவது புத்தகம் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

சச்சி


தஞ்சாவூர்
20 டிசம்பர் 1975

இஞ்சேருங்கோ,

புத்தகமோ? நல்ல கதை! கோபுரம் எத்தனை அடி என்று புத்தகத்தில் இருக்கும். எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று இருக்குமா? சரி, எழுதுகிறேன். பயம் என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லுக்காக எழுதுகிறேன்.

பெரிய கோயிலுக்கு மத்தியானத்தில் போகவே கூடாது. வெறுங்காலோடு கல்லில் நிற்க முடியாது. நாலரைக்குப் பிறகு போய், வடக்குப் பக்கத்துப் புல்லில் இருக்க வேண்டும். ஒன்றும் செய்யத் தேவையில்லை. வெயில் சாயச் சாய விமானம் முழுக்கத் தேன் நிறமாக மாறும். பிறகு கிளிகள் வரும். கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு வந்து கல் இடுக்குகளில் நுழையும். எல்லாம் நுழைந்து முடிந்ததும் ஒரு அமைதி வரும். அந்த நேரத்தில் கதைக்காமல் இருக்கத் தெரிந்த சோடியாக இருந்தால் நல்லது.

வீணை செய்கிற தெருவுக்குக் காலையில் போகலாம். வாங்காவிட்டாலும் ஏச மாட்டார்கள். பலாக் கட்டையைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள்.

அரண்மனையில் வெண்கலச் சிலைகள் வைத்திருக்கும் மண்டபம் ஒன்று இருக்கிறது. அதில் சிவனும் உமையும் கலியாணக் கோலத்தில் நிற்கிறார்கள். அவர் கையை நீட்டியிருக்கிறார், அவ கையைக் கொடுத்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறா. கையைப் பிடித்து ஆயிரம் வருஷம் ஆகப்போகிறதாம். இறுக்கிப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான் மாதத்தில் ஒரு தரமாவது போவேன். காவலாளி என்னைக் கண்டால் கதிரையை இழுத்துப் போடுவார். அங்கே அழுதிருக்கிறேன். அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, திருவையாற்று பஸ். காலை ஆறு மணி பஸ்ஸில் இடப்பக்கம் யன்னலோரம் இருக்க வேண்டும். ஏழெட்டு மைலுக்குள் ஐந்து ஆறுகள், ஐந்து பாலங்கள். இந்த மார்கழியில் எல்லாவற்றின் மேலும் பனிப்புகார். பஸ் பாலத்தில் ஏறினதும் முகத்தில் குளிர் அடிக்கும், இறங்கினதும் நெல் மணக்கும், திரும்பவும் குளிர். மூன்றாம் பாலம் வரும்போது நித்திரையா விழிப்பா என்று தெரியாது. ஐந்தாவது காவேரி. படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு இருந்தால் அக்கரையில் யாரோ பாடுவது கேட்கும். ஆள் தெரியாது. நீங்கள் எனக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், தோளில் சாய்ந்தால் வெயில் ஏறும்வரை எழும்பச் சொல்லக்கூடாது.

கடைசி வரியை அவர்களுக்கு ஏற்றமாதிரி மாற்றி வாசியுங்கோ. வந்தால் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். ஆனால் அந்த மனிசியைப் பார்த்துச் சிரிக்க மட்டும் சொல்லாதேங்கோ.

இரஞ்சிதம்


ஹோம்புஷ்
6 ஜனவரி 1976

அன்பின் இரஞ்சி,

அவர்களுடைய குசினி மேசையில் இருந்து உம்முடைய கடிதத்தை இங்கிலீஷில் வாசித்தேன். சிலை வந்த இடத்தில் இரண்டு தரம் மூக்கைத் துடைத்தேன். தடிமன் என்று சமாளித்தேன். வெளியே நூறு டிகிரி வெயில், எனக்குத் தடிமன்! டொரீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எங்களுக்கு எழுதினதோ, உங்களுக்கு எழுதினதோ?" என்று கேட்டார். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவினேன்.

24ஆம் திகதி தஞ்சாவூர் வருகிறார்கள். டொரீன் எப்பவோ இடுப்பு முறிந்து ஆறினவர், தடியோடுதான் நடப்பார். கோயில் படியில் கையைப் பிடியும். கோபம் இருந்தாலும் பிடியும்.

அவர்கள் கையில் ஒரு சின்னப் பெட்டி தருகிறேன். வில்லுக்குப் பூசுகிற றொசின். நல்லது எது என்று மூன்று கடையில் விசாரித்தேன். பிழை என்றால் திட்டி எழுதும்.

சச்சி


தஞ்சாவூர்
2 பெப்ரவரி 1976

இஞ்சேருங்கோ,

கதிரையில் இருந்துகொண்டு இதை வாசியுங்கோ.

அவர்கள் வந்தார்கள். மூன்று நாள் கூட்டிக்கொண்டு திரிந்தேன். கிளிகள் வந்து அடங்கும்வரை லெஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் ஐந்து பாலமும் போனோம். சிலை மண்டபத்துக்கு மட்டும் கூட்டிப் போகவில்லை. இன்றைக்குப் பூட்டு என்று பொய் சொன்னேன். டொரீன் சிரித்துவிட்டு, "ஓ, பூட்டாத்தான் இருக்கும்" என்றார்.

கடைசி நாள் பின்னேரம் என் அறையில் தேத்தண்ணி கொடுத்தேன். டொரீன் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். மனமில்லாமல்தான் பெட்டியைத் திறந்தேன். உங்கள் றொசினைப் பூசினேன். நல்ல சாமான், திட்ட ஒன்றும் இல்லை. வாசித்து முடித்து வில்லை மடியில் வைத்தேன்.

டொரீன் தடியால் நிலத்தில் மூன்று தரம் தட்டினார்.

அதே மூன்று. "ஏன் தட்டினீங்கள்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் பலமாகத்தான் வந்தது. அவர் பயந்துபோய்ச் சொன்னதைத் தமிழில் அப்படியே எழுதுகிறேன்.

"இன்னொருக்கா எண்டு கேட்டனான். அந்த நாளும் அப்பிடித்தானே கேட்டனான். இடுப்பு முறிஞ்சு கட்டிலோட கிடந்தனான், கட்டில் உங்கட சுவரோட. கை தட்டினா உங்களுக்குக் கேக்காது. அதுதான் தடியால தட்டினது. பிறகு உங்கட அவர் கேக் கொண்டுவந்து, இனி நடக்காது எண்டு சொல்லிப்போட்டு ஓடிட்டார். லெஸ்ஸுக்கு ஒண்டும் விளங்கேல்லை. சுவரில தட்டுறது உங்கட ஆக்களுக்கு அவமரியாதையாக்கும் எண்டு நினைச்சன். வெக்கத்தில வாயே திறக்கேல்லை. மிச்சக் குளிர்காலம் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தனான்."

நான் அழுதேன். அவரும் அழுதார். லெஸ் பாவம், வெளியே போய் நின்றார்.

யோசித்துப் பாருங்கோ. ஒரு நாளாவது பாட்டின் நடுவில் தட்டினார்களா? முடியும்வரை காத்திருந்துதானே தட்டினார்கள்! எனக்கு அது ஏன் விளங்கவில்லை? உங்களோடு மூன்றரை வருஷம் கோபித்தேன். நானும் போய்க் கதவைத் தட்டி ஏன் என்று கேட்கவில்லையே. எனக்கும் பயம்தான். உங்கள் பயம் கேக் வாங்கிக்கொண்டு ஓடியது, என் பயம் ரிக்கெற் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டது.

பெட்டியைத் தூக்கினது பிழைதான். அதை நான் விடமாட்டேன். ஆனால் இனி அதைப் பற்றி உங்களோடு நேரில்தான் சண்டை பிடிக்க விருப்பம்.

லெஸ் கொண்டுவந்த ரெக்கோடரில் நான் வாசித்ததைப் பிடித்திருக்கிறார். அந்தக் கசெற்றை அவர்களிடமே உங்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஹோலில் வைத்துக் கேளுங்கோ. சத்தத்தைக் குறைக்காதேங்கோ.

யாழ்ப்பாணத்துக் கடிதம் என் பெட்டிக்குள் இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.

இரஞ்சி


ஹோம்புஷ்
27 பெப்ரவரி 1976

என் அன்பின் இரஞ்சிக்கு,

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று கிழமை லீவு கேட்டு எடுத்துவிட்டேன். மார்ச் 18ஆம் திகதி மெட்ராஸில் இறங்குகிறேன். யாழ்ப்பாணத்துக்கு நீர் என்ன பதில் எழுதினாலும் அது உம்முடைய விருப்பம். நான் மறிக்க மாட்டேன். ஆனால் அதை எழுதுவதற்கு முன் ஒரு நாள் அந்த மண்டபத்தில் உம்மோடு நிற்க வேண்டும். காவலாளியிடம் இரண்டாவது கதிரை இருக்குமா என்று கேட்டு வையும். வீட்டுக்காரனிடம் இதே பிளாற்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

லெஸ்ஸும் டொரீனும் முந்தநாள் வந்து சேர்ந்தார்கள். கசெற்றைக் கையில் தந்துவிட்டு டொரீன் என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

நேற்று வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஹோலில் கதிரையைப் போட்டு இருந்தேன். நீர் சொன்னமாதிரி சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். யன்னலையும் திறந்துவிட்டேன். கீழே தெருவில் போன ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். பார்க்கட்டும் என்று இருந்தேன். இந்த வீட்டில் நீர் வாசித்தபோதெல்லாம் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நேற்றுத்தான் முதல் தரமாகக் கடைசிவரை கேட்டேன்.

பாட்டு முடிந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மூன்று தட்டு.

நான் எழும்பி ஓடவில்லை, இரஞ்சி. கசெற்றைத் திருப்பிச் சுற்றி, முதலில் இருந்து போட்டேன்.

உம்முடைய,
சச்சி