ஏரிப் பள்ளத்தின் நான்கெல்லை

ஐப்பசி 9, திங்கள். தூறல்.

1. இதை எழுதுபவன் வேதாசலம், வயது 58, உத்திரமேரூரில் வழக்கறிஞர்.
2. முகநூலில் ‘ஏரிக்கரைக் குருவி’ என்ற பெயரில் எழுதுபவனும் நானே. பிறர் அறியார்.

குடைக் கம்பி முறிவு. காலையில் ஒப்பந்ததாரர் குப்புராஜ். ஏரியில் அனுமதித்த ஆழத்துக்கு மேல் அவர் மண் எடுத்தது பற்றிய என் பதிவு, அச்சுப்படியாக அவர் கையில்.

“இவன் யாருன்னு தெரியணும் வக்கீல் சார். பேஜையே தூக்கணும். மனு போடுங்க.”

“பதிவு பொய் என்று எழுதலாமா?”

“அது இன்னாத்துக்கு? பேரு மட்டும் வாங்கிக் குடுங்க.”

இயலாது என்றேன். காரணம் கூறவில்லை. முத்திரை மை வாங்க வேண்டும்.

ஐப்பசி 10, செவ்வாய். கனமழை. மின்தடை.

தட்டச்சர் ஜெயந்தி கைபேசியில் பதிவைப் படித்துச் சிரிப்பு.

“பள்ளத்துக்குப் போய் எவனாவது நாலெல்லை எழுதுவானா சார்? வடக்கே மதகு, தெற்கே சுடுகாட்டுப் பாதைன்னு... பத்திரம் எழுதற ஆளுதான். தணிகாசலம் அண்ணன்னு ஊரே பேசிக்கினு கீது.”

தணிகாசலம் எதிர்க்கடைப் பத்திர எழுத்தர். இடத்தைக் குறித்தால் நான்கெல்லையும் எழுதுவது என் முப்பதாண்டுப் பழக்கம். பெயரை மாற்றியபோது இது தோன்றவில்லை.

ஐப்பசி 11, புதன். வெயில்.

குப்புராஜ் வேறொரு வழக்கறிஞர் மூலம் காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டார். தணிகாசலத்தை விசாரணைக்கு அழைத்து, கைபேசியை வாங்கி வைத்துள்ளனர். மாலை தேநீர்க் கடையில் ஒருவர் அவரிடம்:

“இன்னா தணிகா, குருவி மாட்டிக்கிச்சா?”

“எனக்கு போட்டோ அனுப்பவே தெரியாது நைனா. லைசென்ஸ் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

தேநீர் மீதம். வெளியே வந்துவிட்டேன்.

பெயரின்றி எழுதுவது குற்றமன்று. எழுதியதும் உண்மை. ஆனால் அதன் பழி இன்னொருவர் மேல் விழும்போது பேசாதிருக்க எனக்கு எந்தச் சட்டமும் துணையில்லை.

ஐப்பசி 12, வியாழன். மேகமூட்டம்.

காவல் நிலையத்துக்கான என் உறுதிமொழி ஆவணம் தட்டச்சில். இரண்டாம் பத்தியில் ஜெயந்தியின் விரல்கள் நின்றன.

“சார், நீங்களா?”

“பிழை பாருங்கள், அம்மா.”

சாட்சிக் கையொப்பத்துக்குத் தணிகாசலத்தை அழைத்தேன். நின்றபடியே படித்தார்.

“இன்னா வக்கீல் சார், இப்டிப் பண்ணிட்டீங்க!” மறுபடி படித்தார். “தெற்கே களத்துமேடு. சுடுகாட்டுப் பாதை அதுக்கும் அந்தாண்ட. நான் எழுதியிருந்தா இது தப்பாயிருக்குமா?”

திருத்தினேன். பேனாவை வாங்கிக்கொண்டார். கடைசிப் பத்தியின் நகல்:

7. மேற்படி பதிவு என்னுடையது. தெற்கெல்லை திருத்தப்பட்டது. ஆழம் திருத்தப்படவில்லை.

(ஒப்பம்) வேதாசலம்

சாட்சிகள்:
1. ஜெயந்தி, தட்டச்சர்
2. தணிகாசலம், பத்திர எழுத்தர்