எல்லா அறையிலும் அடிக்கிற போன்

ஜூன் 12, வியாழன்

விடாத மழை. மூன்று நாளாகத் துணி எதுவும் காயவில்லை. சர்க்கரை டப்பாவில் எறும்பு.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டால் நடக்காதது போல ஆகிவிடுமா என்று பார்த்தேன். ஆகவில்லை.

அன்று மாமியார் திவசம். நான் மடியில். குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனால் வாத்தியார் கிளம்புகிறவரை வேறு எதையும் தொடக்கூடாது. மொபைலையும்தான். அது வாசல் அறை ஜன்னலில் இருந்தது. எப்போதும் அங்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியதிலிருந்து வேறு எங்கேயும் சிக்னல் இல்லை. வலியசாலை வீடு, ரயில் மாதிரி நீளம். அடுக்களை கடைசியில். நடுவில் நான்கு கதவு.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கால். 10.14, 10.16, 10.21. கிட்னி. இவர் பெயர் மாற்றுக் கிட்னிப் பட்டியலில் ஏறி இரண்டு வருஷம் ஒரு மாதம். அந்தக் கால்களுக்காகத்தான் நான் வேலைக்கே லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது.

நான் பார்த்தபோது மணி ஒன்றரை. கூப்பிட்டேன். பட்டியலைக் கவனிக்கிற சிஸ்டர்: "எத்ர பிராவஸ்யம் விளிச்சு சேச்சீ! அடுத்த ஆளு வந்து, தியேட்டரிலும் கேற்றியாச்சு." எத்தனை தடவை கூப்பிட்டாளாம், அடுத்த ஆள் வந்து ஆபரேஷனுக்கே ஏற்றியாகிவிட்டதாம்.

என் புருஷனுக்குக் கிட்னி வந்த நேரத்தில் நான் எள்ளுருண்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

இவரிடம் சொன்னேன். "போறது, விடு" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஜூன் 13, வெள்ளி

டயாலிசிஸ். நான்கு மணி நேரம் வராந்தாவில். குடையை யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது கம்பி உடைந்தது.

இவருக்குப் பக்கத்துக் கட்டில் சசியுடையது. ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாமல் பேசுவான். மார்ச்சில் அவனுக்குக் கிட்னி உண்டென்று போன் வந்தது. கட்டில் கட்டிலாகப் போய் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனான். பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டான். அந்தக் கட்டிலில் இப்போது வேறு ஒருவர். இவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதே இல்லை.

வராந்தாவில் நெடுமங்காட்டுக்கார அம்மா ஒருத்தி. புருஷனுக்கு டயாலிசிஸ். அவள் வீட்டிலும் சிக்னல் கிடையாதாம். பழைய லேண்ட்லைன் மாதிரி ஒரு கார்ட்லெஸ் போன், அதை மொபைலோடு இணைத்து வைத்திருக்கிறாளாம். மொபைல் ஜன்னலில் கிடக்கும், உள்ளே போன் அடிக்கும், நடந்துகொண்டே பேசலாம். இதை எனக்கு ஒரு வாரம் முன்னால் சொல்ல ஒரு ஜீவன் இல்லை.

வேண்டியவை:
1. ரிசீவர் இரண்டு. ஒன்று இவர் பக்கத்தில். ஒன்று என்னோடு, கிணற்றடி வரை.
2. கரண்ட் போனால்? (மழை பெய்தால் போகும். தினமும் மழை.)
3. பட்டன் பெரிதாக. இவர் விரல்கள் வீக்கம்.
4. சத்தம். செத்தவனும் எழுந்திருக்கிற சத்தம். இந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். நல்ல சத்தம்.
5. மடியில் இருந்தாலும் எடுப்பேன். இது போனுக்கு அல்ல, எனக்கு.

ஜூன் 14, சனி

ஆரியசாலை, சாலை பஜார் முழுக்க அலைந்தாயிற்று. ஆறு கடை. மூன்றில் சிரித்தார்கள். ஒருத்தன் காதில் மாட்டுகிற ஒன்றைக் காட்டி, இதுதான் சேச்சி இப்ப எல்லாரும், என்றான். அடுக்களையில் சிக்னலே இல்லை, காதில் மாட்டி என்ன செய்ய? ஒரு கடையில் வெறும் கார்ட்லெஸ், மொபைலோடு சேராது. லேண்ட்லைன் கனெக்‌ஷனைத்தான் நான்கு வருஷம் முன்பே நாமே சரண்டர் செய்துவிட்டோமே, புத்திசாலிகள்.

கடைசியில் செல்வராஜ் கடை. நாகர்கோவில்காரர், ஐம்பது வயது இருக்கும். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இப்பம் இத ஆரும் கேக்கதில்லம்மா. கம்பெனிக்காரனே நிறுத்திட்டு வாறான். எதுக்கு வேணும், அதச் சொல்லுங்க."

சொன்னேன். கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். பிறகு, "வீட்டுக்குப் பிளான் வரைஞ்சு கொண்டு வாங்க. செவர் எத்தன, எவ்வளவு கனம்னு எழுதுங்க" என்றார்.

டாக்டர்கூட இவ்வளவு கேட்டதில்லை. பஸ்ஸில் அழுகை வந்தது. உடைந்த குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு வாரம் ஆயிற்று.

பிளான் வரைந்தேன். கணக்கு டீச்சர், இதுகூட வராதா? வாசல் அறையிலிருந்து கிணற்றடிக்கு என் நடையில் நாற்பத்தொரு எட்டு. இவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். டிராஃப்ட்ஸ்மேனாக முப்பது வருஷம் இருந்தவர். கோடு கோணல் என்றார். "நீங்களே போடுங்கோளேன்" என்று பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை.

"எதுக்குடி இதெல்லாம்? இருக்கறதே போறும்."

"போறாது. போறலேன்னு பாத்தாச்சே!"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்வராஜ் மூன்று வகை எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் ஒரே ரிசீவர். ஒன்றில் இரண்டு உண்டு, ஆனால் பட்டன் கடுகு. மூன்றாவது பார்க்க அசிங்கமாக, கறுப்பாக, பெரிய பட்டன். மொபைலும் பெட்டியும் ஒரே ஜன்னலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அதை விட்டு மொபைலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் வீட்டு போன் பிணம். ரிசீவர் நம் சுவர்களைத் தாண்டிக் கிணற்றடி வரை போகுமாம். கரண்ட் போனால் பெட்டி அணையும், இன்வெர்ட்டரில் குத்த வேண்டும்.

அசிங்கமானதே போதும் என்றேன். வியாழன் ரெடி.

ஜூன் 19, வியாழன்

போன் வந்துவிட்டது. வந்த கதையைச் சீக்கிரம் எழுதிவிட வேண்டும்.

கடையிலேயே மொபைலை இணைத்துக் காட்டினார் செல்வராஜ். மொபைலில் உள்ள பெயர்கள், கால்கள் எல்லாம் ரிசீவரின் குட்டித் திரையில் வந்து விழுந்தன. அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தார்.

"வளைஞ்ச அம்பு போட்டுருக்கது எடுக்காத கால். வட்டத்துக்குள்ள கோடு போட்டது, அடிக்கும்போ இங்கேருந்து கட் பண்ணுனது. பாத்துக்கிடுங்க."

பார்த்தேன். ஆஸ்பத்திரி. 10.14 வளைந்த அம்பு. 10.16 வளைந்த அம்பு. 10.21 வட்டத்துக்குள் கோடு.

மொபைலிலும் இந்த அடையாளம் இருந்திருக்கும். மூன்று கால் என்று பார்த்தவுடன் நெஞ்சில் அடித்துக்கொண்டவள், அடையாளத்தையா பார்த்தேன்?

"அவங்க அந்தப் பக்கம் வெச்சுட்டா இப்படி வருமா?"

"அது வளைஞ்ச அம்புதான் வரும். இது இங்க கையால செஞ்சது."

திவசத்தன்று பத்தே காலுக்கு வாத்தியாரும் சாப்பிட வந்த இரண்டு பேரும் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுக்களையில். வாசல் அறையில் இவர் மட்டும். கண்ணயர்ந்திருப்பார், கேட்டிருக்காது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை ஜன்னலில் வைத்தேன். செல்வராஜ் கடையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். எல்லா அறையிலும் அடித்தது. கிணற்றடியிலும் அடித்தது. இவர் காதைப் பொத்திக்கொண்டார்.

இவரிடம் நான் எதுவும் விசாரிக்கவில்லை. ரசம் வைத்தேன். உப்புப் போடவில்லை. இவருக்கு உப்பு ஆகாது, என்னுடையதிலும் போட மறந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

நேற்று டயாலிசிஸ், அதனால் கேட்கவில்லை. இன்று காபிக்குப் பிறகு.

"மூணாவது காலைக் கட் பண்ணினது நீங்களா?"

நான் யாரோ என்பது போலப் பார்த்தார். பிறகு, "ஆமா."

"ஏன்னா?"

"அம்மா திவசத்தன்னிக்குன்னு பாத்து வந்ததே. அம்மாவே வேண்டாம்னு சொல்றாளோன்னு தோணித்து."

"பொய்."

"பொய்தான்." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பயந்துட்டேன். சசிக்கும் இதே மாதிரி ஒரு போன்தான் வந்தது. கைகொடுத்தான் பாத்தியா, அந்தக் கை சூடா இருந்தது. நான் இப்படியே இருந்துடறேன்."

"இப்படியே எவ்வளவு நாள் இருக்க முடியும்னு டாக்டர் சொன்னாரே!"

"தெரியும்."

ரிசீவரை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதை என் பக்கத்துல வைக்காதே. நீ எடு. நீ எடுத்து வாங்கோன்னா, வரேன்."

வாங்கிக்கொண்டேன். மறுபடியும் அவர் பக்கத்திலேயே வைத்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

இரண்டு வருஷம் ஒரு மாதம் நான் மட்டும்தான் காத்திருந்திருக்கிறேன். ஒருத்தி மட்டும். கோபமா என்றால் கோபம்தான். அதைவிடத் தனிமை.

ஜூன் 22, ஞாயிறு

போன் நாலு தரம் அடித்தது. இரண்டு கடன் வேண்டுமா, ஒன்று கேஸ், ஒன்று தப்பு நம்பர். ஒவ்வொரு தடவையும் இவர் முகம் வெளுத்துப் போகிறது. நன்றாக உழைக்கிற போன்.

சசியின் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டேன். அவள்தான் அன்று போனை எடுத்தாளாம்.

ஜூன் 24, செவ்வாய்

வெயில். இரண்டு வாரத்துக்கு அப்புறம். போர்வைகள் அலசினேன், கிணற்றடியில். 11.40க்கு கல்மேல் ரிசீவர் அடித்தது. அந்த நம்பர். முதல் மணியிலேயே எடுத்தேன், கையெல்லாம் சோப்பு.

"கிட்னி உண்டு சேச்சி. ரெண்டு மணிக்கு முன்ன அட்மிட் ஆவணும். பக்ஷே கழிஞ்ஞ தவண கட் ஆக்கியதல்லே, இப்ராவஸ்யம் சம்மதம் சார்தன்னெ பறயணும். சாரிடம் போன் கொடுக்கூ."

போன தடவை கட் செய்ததால், இந்தத் தடவை இவர் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும்.

அடுக்களை, கூடம், ரேழி, வாசல் அறை. ஓடினேன். லைன் ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் ரிசீவரும் அடித்திருக்குமே. "ஆஸ்பத்திரி. கிட்னி வந்திருக்கு. வரேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, போறும்" என்று நீட்டினேன். வாங்கினார். காதில் வைத்தார். சம்மதம்தானே என்று சிஸ்டர் கேட்பது வெளியே எனக்கே கேட்டது: "சாரே, சம்மதமல்லே? சாரே?" உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் வேட்டி நனைந்துபோனதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

இரண்டு கையாலும் ரிசீவரை என்னிடம் நீட்டினார். என்ன சொல்ல வேண்டும் என்பது அந்தக் கண்ணிலேயே இருந்தது. மறுபடி ஒரு முறை கேட்கலாம். கட்டாயப்படுத்தலாம். ஆட்டோ பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம். என்னால் முடியும், என்னால் முடியும் என்று அவருக்கும் தெரியும்.

சம்மதம் இல்லை, அடுத்தவரைக் கூப்பிடுங்கள் என்று நானே சொன்னேன்.

அந்த அடுத்தவர் வீட்டிலாவது போனை யாராவது உடனே எடுக்க வேண்டும்.